கங்காணியின் தலப்பாவும் கொஸ்லந்தைக்குப் போன த்ரீவீலும்

யூடியூப்பில் அமெரிக்க ரோட் ட்ரிப் வீடியோ பார்க்கிற ஒரு பழக்கம் எனக்கு இருக்கு. ராத்திரி டேட்டா முடியும் வரைக்கும் பார்ப்பேன். அந்த ஊர்க்காரர்கள் ரோட்டோரத்தில் வைத்திருக்கிற சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கன்சாஸ் மாநிலத்தில் காக்கர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். 1953-ல் ஒரு விவசாயி தன் கொட்டிலில் மிஞ்சிக் கிடந்த கயிறுகளை ஒரு உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தார். இன்றைக்கு அந்த உருண்டை ரொம்பப் பெருசு. அதைப் பார்க்கவே ஆட்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் ஆளுக்கொரு துண்டுக் கயிறைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். டெக்சாஸில் அமரில்லோ ஊருக்கு வெளியே 1974-ல் பத்து கெடிலாக் காரை மூக்குக் குப்புற மண்ணில் புதைத்து நட்டு வைத்திருக்கிறார்கள். அதுக்கு பெயிண்ட் அடிக்கிறதுக்கென்றே போகிறார்கள்.

எதற்கும் ஒரு பலகை. உலகத்திலேயே பெரிய இது, உலகத்திலேயே பழைய அது. ஒண்ணுமே இல்லாத இடத்தில்கூட பலகை நட்டு ஆளை நிறுத்திவிடுகிறார்கள்.

போன அக்டோபரில் நாங்கள் நாலு பேர் ஒரு த்ரீவீலில் பதுளையிலிருந்து கிளம்பி, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை, வெல்லவாய, எல்ல என்று ஒரு வட்டம் அடித்து வந்தோம். நூத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கார்க்காரனுக்கு அரை நாள் வேலை. எங்களுக்குக் காலம்பற அஞ்சு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ஆச்சு. ஏத்தத்தில் ரெண்டு தடவை இறங்கித் தள்ளினோம். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இது. ஆனால் பயணக் குறிப்பு என்று நினைத்து வாசிக்காதீங்க. எனக்கு ஒரு சண்டை இருக்கு, அதைத்தான் போடப்போறேன்.

முதலில் தெமோதரை. அங்கே ரயில்ப் பாதை மலையைச் சுற்றி இறங்கி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. மேலே பிளாட்பாரத்தில் நின்றால் காலுக்கடியில் கோச்சி போகும். சின்ன வயசிலிருந்தே எங்களுக்கு அது தெரியும், ஆனால் ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. கோச்சியில் போகிறவன் எதுக்கு இறங்கணும்?

இந்த வளையத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். உயரத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று பொறியியலாளர் விமலசுரேந்திர மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாராம். அப்போது ஒரு தோட்டத்துக் கங்காணி தலப்பாவை அவிழ்த்துத் திரும்பவும் தலையைச் சுற்றிக் கட்டினதைப் பார்த்தாராம். சுற்றி வந்த துணி தன் முனைக்கு அடியிலேயே சொருகிக்கொண்டது. அட, இதுதானே வழி என்று பாதையை அப்படியே போட்டாராம். நடந்ததோ நடக்கலையோ, கதை இன்னும் உயிரோட இருக்கு. சுற்றுலாப் பக்கங்களில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வண்டியை ஓட்டினவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சரி மச்சான், கங்காணி பேரு என்ன?"

யாருக்கும் தெரியாது. கதையில் பொறியியலாளருக்குப் பெயர் இருக்கு, கங்காணிக்குத் தலப்பா மட்டும்தான். (கங்காணிகள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தலப்பாவை இழுத்துப் போட்டிருப்பார்.) ஆனாலும் அந்தக் கேள்வி அன்றைக்கு முழுக்க எங்களோடு வண்டியில் வந்தது.

எல்லயைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்காத ஆள் இப்போது உலகத்தில் யார் இருக்கிறார்கள்? 1921-ல் கட்டின பாலம். அதில் கோச்சி வரும் நேரத்துக்கு முன்னூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாங்களும் நின்றோம், நாங்களும் தூக்கினோம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அழகான இடத்தை அழகு என்று சொல்வதற்கு நமக்கும் உரிமை இருக்கு.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குள் போனோம். பரிமாறின பையன் எங்களிடம் இங்கிலீஷில் பேசினான். நாங்களும் பதிலுக்கு ஓட்டை இங்கிலீஷில் பேசினோம். ரொட்டிக்கும் சம்பலுக்கும் ஒரு வாயில் நுழையாத பெயர் போட்டிருந்தது. விலையைப் பார்த்துவிட்டு தேத்தண்ணி மட்டும் போதும் என்று சொன்னோம். பையன் குனிந்து கோப்பையை வைக்கும்போது மெதுவாக, "அண்ணே, எந்தத் தோட்டம்?" என்றான். சொன்னோம். அவனுடைய தோட்டம் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த மலை. பிறகு ரெண்டு ரொட்டி தானாக வந்தது, பில்லில் வரவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அந்த நாளின் மிக விசித்திரமான காட்சி. வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சப் பேர் காசு கொடுத்து, கலர் சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, முதுகில் கூடை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் நின்று கொழுந்து பறிக்கிறார்கள். ஒருத்தர் வீடியோ எடுக்கிறார். அனுபவச் சுற்றுலாவாம். எங்களோடு வந்த தங்கச்சி ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்தக்கா முத்தின எலையப் பிச்சுப் போடுது பாருங்க. கணக்கப்பிள்ளை பார்த்தா அரைப் பேருதான் போடுவாரு." அரை மணித்தியாலம் அப்படி நிற்க அவர்கள் கொடுத்த காசு, அவளுடைய அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தை விடக் கூட. நான் அந்த வெள்ளைக்கார அக்காமாரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் சந்தோஷமாகத்தான் நின்றார்கள். அந்த விளையாட்டில் அட்டை இல்லை, மழை இல்லை, படங்கு இல்லை, கிலோ குறைஞ்சா கேள்வி இல்லை. வழியெல்லாம் மதிலில் 1700 ரூபா என்று எழுதின போஸ்டர் கிழிந்து தொங்கியது. 2024 செப்டம்பரில் 1350-ல் வந்து நின்ற கதை உங்களுக்குத் தெரியும்.

இங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது.

ரோட் ட்ரிப் என்கிற சங்கதிக்கு ஒரு விதி இருக்கு. போகிறவன் ஊர்க்காரன் இல்லை. அதனால்தான் அவனுக்கு எல்லாமே வேடிக்கை. கயிற்று உருண்டையும் வேடிக்கை, கொழுந்துக் கூடையும் வேடிக்கை. அமெரிக்காவிலும் இந்த வேடிக்கை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1926-ல் வந்த ரூட் 66 பற்றி எத்தனை பாட்டு, எத்தனை படம். அதே காலத்தில் கறுப்பின மக்கள் காரில் வெளியூர் போனால் எந்த ஊரில் சாப்பாடு தருவான், எங்கே படுக்க இடம் தருவான், எந்த ஊரிலிருந்து இருட்டுவதற்கு முன்னால் வெளியேறிவிட வேண்டும் என்று பயந்துகொண்டுதான் போக வேண்டியிருந்தது. நியூயோர்க் ஹார்லமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-லிருந்து அதற்கென்றே ஒரு கையேடு போட்டார். முப்பது வருஷம் அந்தப் புத்தகம் தேவைப்பட்டது. ஒரே ரோடுதான். ஒருத்தனுக்கு அது சுதந்திரம், இன்னொருத்தன் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் போகவேண்டிய பாதை.

நம்முடைய பாதையும் அப்படித்தான். மலையக மக்களின் முதல் ரோட் ட்ரிப் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்த நடை. எத்தனை பேர் வழியிலேயே விழுந்தார்கள் என்று கணக்கே இல்லை. 2023-ல் இருநூறாவது வருஷ நினைவாக தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் திரும்ப நடந்தோமே, அதில் கலந்துகொண்டவர்களுக்குத் தெரியும், தார் ரோட்டில் நடந்ததற்கே கால் என்ன பாடுபட்டது என்று. அடுத்த பயணம் இந்தக் கோச்சியில். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு பண்ணினார்கள். மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட, நிற்கிறவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடியும் வரைக்கும் ஓடுவார்களாம். இன்றைக்கு அதே மலைநாட்டுப் பாதையில் கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டு கையை வெளியே நீட்டிப் படம் எடுக்கிறார்கள். உலகத்திலேயே அழகான ரயில்ப் பயணம் என்று எழுதுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. 1924-ல் பதுளைக்கு வந்து சேர்ந்த பாதை, நூறு வயசு ஆகிவிட்டது. இந்த நூறு வருஷத்தில் அதில் அழுதுகொண்டு போனவர்களைப் பற்றி எந்த வீடியோவிலும் ஒரு வரி கிடையாது.

அப்புத்தளையில் நின்று லிப்டன் சீட்டுக்கும் ஏறினோம். 1890-ல் தோமஸ் லிப்டன் கட்டின டம்பேதன்ன தொழிற்சாலையைத் தாண்டி மேலே போனால், அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடமாம். இப்போதும் சிலையாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கையில் கோப்பையோடு. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள், நாம் உட்கார்ந்து படம் எடுக்க. நானும் உட்கார்ந்தேன். தோளில் கைபோட்டேன். அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினபோது, "யாரு இது, பழைய தொரையா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட சரிதான்.

பேராகலைச் சந்தியில் பனி மூடிக்கொண்டது. அவிச்ச சோளம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சூட்டுக்காகவே கொஞ்ச நேரம் தின்னாமல் இருந்தோம். அங்கிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிற பாதையில் இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். பனி விலகினால் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி கடல் மாதிரி தெரியும். வண்டிகள் எல்லாம் வலது பக்கம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகின்றன. மீரியபெத்த இருப்பது இடது பக்கம்.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிஞ்சு ஒரு கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களின் மேல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு கிளம்பிப்போன பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. சிலருக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லை. முதல் நாளில் நூற்றுக்கணக்கான பேர் என்றார்கள். பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எடுத்த உடல்கள் கொஞ்சம், மற்றவர்கள் இன்னமும் அந்த மண்ணுக்குள்தான். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது என்பது சரிந்த பிறகுதான் நாட்டுக்கே தெரியவந்தது. போகச்சொன்னவர்கள் எங்கே போகணும் என்று ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார்களா என்பது வேறு கேள்வி. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அதில் இருக்கிறவன் இஷ்டத்துக்கு எங்கே போய்க் குடிசை போடுவான்?

அந்த இடத்துக்கு நேரே ரோட்டில் வண்டியை நிறுத்தினோம். பத்து வருஷத்தில் காடு ஏறிவிட்டது. தெரியாதவனுக்கு அது இன்னொரு பச்சை மலை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி, வளைவைக் கவனிக்கச் சொல்லி, குளிக்க இடம் இருக்கு என்று சொல்லி வழியெல்லாம் பலகைகள். ரோட்டில் போகிற ஒருத்தரை நிறுத்தி இங்கே என்ன நடந்தது என்று சொல்கிற பலகை ஒன்றும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. எங்கள் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கினவர்கள் நாங்கள் எதையோ அழகாகப் பார்க்கிறோம் என்று நினைத்து, அதே பக்கம் போனைத் திருப்பி ரெண்டு படம் எடுத்தார்கள். ஒருத்தர் சிங்களத்தில், "இது என்ன மலை?" என்று கேட்டார். வண்டி ஓட்டினவன் சொன்னான். அவர் போனை இறக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, "அந்த இடம் இதுதானா, எனக்குத் தெரியாது தம்பி" என்றார். டிவியில் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கிழமை காத்தான்குடியில் இருந்தும் காலியில் இருந்தும் அரிசியும் உடுப்பும் கட்டி அனுப்பின சனம்தானே இது. தெரிந்தால் நிற்பார்கள். சொல்ல ஆள் இல்லை.

அதனால் என் முடிவு என்னவென்றால், அந்த ரோட்டில் ஒரு பலகை வேணும். மூன்று மொழியிலும் வேணும். கயிற்று உருண்டைக்குப் பலகை வைக்கிற உலகத்தில் இது பெரிய கோரிக்கையா?

ஆனால் எங்கள் வண்டிக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு வந்தது. தங்கச்சி சொன்னாள்: "பலகை வச்சா நாளைக்கு அதுக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுப்பானுங்க. தேத்தண்ணிக் கடை வரும். அப்பறம் மண்சரிவு அனுபவம்னு டிக்கெட் போடுவாங்க." காலையில் சேலைக் கூத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் பேச்சு அது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சாவு வீட்டைப் பார்க்க வருகிற கூட்டத்தில் எவன் துக்கத்துக்கு வருகிறான், எவன் வேடிக்கைக்கு வருகிறான் என்று வாசலில் நின்று பிரிக்க முடியாதுதான்.

அந்த வாதத்தை முடிக்காமலே பூனாகலைப் பக்கம் ஏறினோம். வண்டி ஓட்டினவனுக்கு ஒரு அத்தை முறை மக்கல்தெனியாவில் இருக்கிறார். மீரியபெத்தயில் தப்பினவர்களை முதலில் பள்ளிக்கூடங்களில், பிறகு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் வைத்திருந்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து 2016-ல் மக்கல்தெனியாவில் 75 வீடு கட்டிக் கொடுத்தார்கள். மேல் தியலுமவில் குளிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கத்து வழியாகத்தான் போகிறார்கள். வாடகை த்ரீவீலைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக் கை காட்டுவார்களாம்.

அத்தை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ரெண்டு காம்பரா வீட்டை ஒரு சுற்றுக் காட்டினார். இஸ்தோப்பில் கொத்தமல்லியும் ரோசாவும் டப்பாவில் வைத்திருந்தார். நாங்கள் பலகைச் சண்டையை அவர் முன்னாலேயே தொடர்ந்தோம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பலகையில என்னா எழுதுவீங்க?"

மண்சரிவு நடந்த திகதி, இடம் என்று நான் சொன்னேன்.

"மண்ணு சரிஞ்சது எல்லாருக்கும் தெரியுமே தம்பி. யாரு இருந்தாங்கன்னு எழுதுங்க. மொத லயத்துல மொதக் காம்பராவுல இருந்து வரிசையா நான் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

போனில் எழுத ஆரம்பித்தேன். பெயர் மட்டும் சொல்லவில்லை. இவன் நல்லா தப்பு அடிப்பான், இந்தப் புள்ளை கொழும்புக் கடையில வேலைக்கு நின்னு தீவாளிக்கு வந்தது, இவங்க வீட்டுலதான் மொத மொத டிவி வாங்கினாங்க, இவரு குடிச்சா எம்ஜிஆர் மாதிரி பேசுவாரு. நடுவில் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மூன்றாவது லயத்தில் வந்து நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை இன்னொரு நாளைக்குச் சொல்றேன் என்றார். அந்தப் பெயர்களை நான் இங்கே போடப்போவதில்லை, அது அவர்களின் சொந்தங்களைக் கேட்காமல் செய்கிற காரியமில்லை. ஆனால் பலகை விஷயத்தில் என் கருத்தை அங்கேயே மாற்றிக்கொண்டேன். திகதி போட்ட பலகை வேண்டாம். பெயர் போட்ட பலகை வேணும், அதில் என்ன எழுதணும் என்று மக்கல்தெனியாக்காரர்கள் சொல்லணும். அதுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும். பின்னால் ஒரு பெயராவது அவன் படத்தில் விழும்.

நம்ம பொடியன்களுக்கும் ஒன்று சொல்லணும். நமக்குத் தெரிஞ்ச பாதை தோட்டத்திலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து கொழும்புக்கு. கொழும்பிலிருந்து தீபாவளிக்குத் திரும்ப. சொந்த மலையைச் சுற்றிப் பார்க்கிறது காசுள்ளவன் வேலை என்று நினைத்துவிட்டோம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு த்ரீவீலுக்குப் பெட்ரோல் அடிக்கலாம், ரொட்டி கட்டிக்கொண்டு போகலாம். போய் நிற்கிற இடத்தில் வயசானவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து கேட்கலாம். நம்ம ஊரைப் பற்றி வருகிறவன் எடுக்கிற வீடியோவுக்குக் கீழே கோபமாக கமென்ட் போடுவதை விட இது லேசு. நான் ரெண்டும் செய்து பார்த்தவன்.

தியலும 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதை இருட்டுகிற நேரத்தில் கீழே ரோட்டில் நின்று பார்த்தோம், பாதித் தண்ணி காற்றோடு போய்விடுகிறது. வெல்லவாயயில் கொத்து. ராவணா எல்லயைத் தாண்டும்போது சத்தம் மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்காமல் இருந்தார். லிப்டன் படத்தைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன். பிறகு மீரியபெத்தயைக் காட்டினேன். போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தி ஒரு சடங்கு வீட்டுக்கு அங்கே போயிருக்கிறாராம், எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"ரோட்டுல இருந்து ஏறுற எடத்துல ஒரு பெரிய கொய்யா மரம் நிக்கும். அங்கதான் நின்னு சேலையச் சரிபண்ணிக்கிட்டு மேல போனோம். அது நிக்குதா?"

நாங்கள் நாலு பேரும் அதைப் பார்க்கவில்லை.